கிரேடர் ஓட்டுபவனின் ஒருநாள் விடுப்பு

என் பங்குக்கு எண்பத்தாறு கிலோமீட்டர்.
குய்செப் கணவாயின் காலடியில் தொடங்கி
ஆப்பிள் பை விற்கும் பெட்ரோல் பங்க் வரை.
வரைபடத்தில் அதை ஒட்டி ஒரு பச்சைக்கோடு ஓடுகிறது,
கண்ணுக்கு இனிய வழி என்று அர்த்தமாம்.
எனக்குத் தெரிவதெல்லாம் கத்தி,
கத்திக்கு முன்னால் புரளும் சரளை.

அவர்கள் வேகமாக வருகிறார்கள்.
வாடகை ஜீப், கூரைமேல் மடித்துக் கட்டிய கூடாரம்.
ஒவ்வொரு சக்கரமும் ஒரு சின்ன அலையை விட்டுப்போகும்,
அதன்மேல் ஏறிக் குதித்த சக்கரம் இன்னொன்றை.
பதினைந்தே நாளில்
சாலை முழுக்கத் துணி துவைக்கும் பலகை.
பல் ஆடும். திருகாணி கழலும்.
ஜன்னலை இறக்கி ஜெர்மனில் வைவார்கள்.
நமீபியாவில் பிறந்த கிழட்டு நாமாக்காரனுக்கு
அந்த வசவெல்லாம் அத்துப்படி என்று
யாரும் அவர்களுக்குச் சொல்வதில்லை.

நான் மெதுவாகப் போவேன்.
போகும்போது இடப்பக்கம், வரும்போது வலப்பக்கம்.
பின்னால் இழுபடும் கேரவனில் கட்டில், அடுப்பு,
தண்ணீர்ப் பீப்பாய், ஒரு கோழி.
கோழிக்குப் பெயர் மந்திரி,
வேலை எதுவும் செய்யாமல் கூடவே பயணிப்பதால்.
சாயங்காலம் எஞ்சின் எங்கே அணைகிறதோ
அதுதான் எங்கள் விலாசம்.

மகர ரேகைப் பலகையின் கீழே
கைகளை விரித்து நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள்.
மாதம் நான்கு முறை அந்த ரேகையைக் கடக்கிறோம்.
மந்திரி ஒருமுறைகூடக் கண் திறந்ததில்லை.

ஆகஸ்டில் ஒருத்தி, பெயர் மரிட்,
டயர் கிழிந்து நின்றிருந்தாள்.
நான் ஜாக்கியைப் பொருத்துவதற்குள் போனை நீட்டினாள்:
வெள்ளைக் களிமண் தரை,
கரியால் வரைந்தாற்போல் செத்து நிற்கும் மரங்கள்,
பின்னால் சிவந்த மணல்மலை.
"தினம் பார்த்து அலுத்திருக்குமே?"
"பார்த்ததில்லை."
பதினோரு வருடம் என்று சொல்லவில்லை.
அவள் எதுவும் பேசாமல்
கடைசி நட்டைத் தானே முடுக்கினாள்.

அப்புறம் ஒரு சனிக்கிழமை டீசல் வந்துசேரவில்லை.
விடுதிக்கு வெளுத்த துணி ஏற்றிப்போன வண்டியில்
தலையணை உறைகளுக்கு நடுவே உட்கார்ந்து போனேன்.
வாயிலில் பெரிய பதிவேடு.
பெயர்: ஹிஸ்கியா ஸ்வார்ட்பூய்.
வண்டி எண்: பழக்கதோஷம், கிரேடரின் எண்ணை எழுதிவிட்டேன்.
வாயிற்காப்புப் பெண் படித்துவிட்டுச் சிரித்தாள்:
"அதில் வந்திருந்தால்
நாளை மறுநாள்தான் மணலைப் பார்ப்பாய்."

உள்ளே தார்ச்சாலை.
அறுபது கிலோமீட்டர், ஒரு கல் துள்ளவில்லை.
சமையற்காரனைப் பந்தியில் உட்காரவைத்ததுபோல
கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

மணல்மேட்டின் முதுகில் ஏறினேன்.
காலையில் ஏறியவர்களின் தடம் படிக்கட்டாகக் கிடந்தது.
காற்று எழுந்தது.
விளிம்போடு சீவிக்கொண்டே வந்து,
இந்தப் பக்கம் அள்ளி அந்தப் பக்கம் கொட்டி,
ஒரு தடம், இன்னொரு தடம்,
கடைசியில் என்னுடையதும்.
கத்தியை எவ்வளவு சாய்க்கவேண்டும் என்பது
அதற்கும் தெரிந்திருந்தது.
டீசல் கேட்காத பயல்.

மரங்களையும் பார்த்தேன்.
நன்றாகத்தான் இருந்தன.

ஆனால் இறங்கும்போது பார்த்ததைச் சொல்லவேண்டும்.
சரிவு முழுக்க வரிவரியாய் அலை,
அசல் துவைக்கும் பலகை,
என் சாலையில் விளைகிற அதே சனியன்.
அதன்முன்னே ஒரு குடும்பமே
மண்டியிட்டுக் கிடந்தது, மூச்சைப் பிடித்துக்கொண்டு,
நிழல் சாய்வதற்குள் படம் எடுக்க.

திங்கட்கிழமை டீசல் வந்தது.
மகர ரேகைப் பலகைக்குப் பக்கத்தில்
இருபது அடி அலையைச் சீவாமல் விட்டுவைத்தேன்.
நல்ல அலை. மாலை வெயில் படும்படி.
ஒருவர்கூட இறங்கவில்லை.
ஒரு ஜீப் மட்டும் தடதடத்துப் போனதில்
பக்கக் கண்ணாடி கழன்று விழுந்தது.

கேரவன் கதவில் கட்டியிருக்கிறேன்.
மந்திரி அதில் முகம் பார்க்கிறார்.