நிகர எடை

சட்டைக்குப் பின்னால் என் பெயர் முழுசாக ஏறவில்லை.
திலகேஸ்வரியில் "திலகே" வரைக்கும்தான் இடம்.
மிச்சத்தை சிலிம் ரிவரில் விட்டுவிட்டு
நாட்டுக்காகப் பத்தொன்பது ஆட்டம் ஆடினேன்.
இடது பின்காவல். கோல், இல்லை.
மஞ்சள் அட்டை நான்கு.
முழங்காலில் ஈப்போ ஆஸ்பத்திரி போட்ட ஆணி
இன்னும் உள்ளேதான் இருக்கிறது.

இப்போது செம்பனை ஆலையில் எடைமேடைக் கிராணி.
லோரி குலையோடு ஏறும், ஓர் எண்.
கொட்டிவிட்டு வெறுமையாய் வரும், ஓர் எண்.
ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்துச் சீட்டுக் கிழிக்க வேண்டும்.
அப்போதும் ஏறக்குறைய இதே வேலைதான்:
வருகிறவள் எவ்வளவு வேகம்,
என்னைத் தாண்டியபின் எவ்வளவு மிச்சம்.

பயிற்சிக்குக் கோலாலம்பூர் போக
விடிகாலை நாலே முக்கால் பஸ்.
"உனக்கும் பெரட்டு விடலையே" என்று
நாசிலெமாக் பொட்டலத்தைப் பைக்குள் திணிப்பார் அம்மா.

பீஜியோடு ஆடியது ஒரே ஒரு முறை.
அவர்களுடைய ஏழாம் எண் எனக்கு நேர் எதிர்.
முதுகில் ஓரெழுத்தும் குறையாமல் "கவுண்டர்".
வரிசையில் நிற்கும்போது தமிழில் கேட்டேன்;
தெரியாது என்று தலையை ஆட்டினாள்.
கையை அரிவாளாக்கிக்
கரும்பு வெட்டிக் காட்டினாள்.
நான் காற்றில் மரம் சீவினேன்.
புரிந்ததோ என்னவோ, அதற்குள் தேசிய கீதம்.

அறுபத்து மூன்றாம் நிமிடம். மழைத் தரை.
சறுக்கிக் காலை நீட்டினேன்.
பந்தைத்தான் தொட்டேன், சத்தியமாய்ப் பந்தைத்தான்.
அவள் விழுந்தாள்.
விழும்போது

ஐயோ

என்றாள்.

எங்கள் லயத்தில்
கத்தி விரலில் பட்டால், சம்பளத்தில் பிடித்தம் வந்தால்,
சுடுகஞ்சி காலில் கொட்டினால்
வருகிற அதே ஐயோ.
கடைசி எழுத்தை அதே மாதிரி இழுத்து.

திரும்பிப் பார்த்தேன். அரை விநாடி.
நடுவர் ஊதவில்லை.
நான் இருந்திருக்க வேண்டிய இடத்தின் வழியே
பந்து போய் வலையில் கிடந்தது.

"ஏன் நின்றாய்?" பயிற்றுநர் மலாயில் கேட்டார்.
மலாயில் அதற்கு என்னிடம் பதில் இல்லை.
"வழுக்கிவிட்டது" என்றேன்.
அடுத்த ஆட்டம் பெஞ்சில்.
அதற்கடுத்தது முழங்கால்.

எடைக்கூண்டில், காலண்டருக்குப் பக்கத்தில்,
இரண்டு அணியும் கலந்து நின்று எடுத்த படம்.
நேற்று ஒரு லோரிக்காரர், கிளந்தான் ஆள்,
கண்ணாடியில் மூக்கை வைத்துப் பார்த்தார்.
"இது நீங்களா? பீஜியோடவா? என்ன ஆச்சு?"

"ஒன்று, பூஜ்யம்."

கட்டைவிரலை உயர்த்தினார்.
யாருக்கு ஒன்று என்று கேட்கவில்லை.
மேடையின் நடுக்கம் அடங்கி
எண் நிலைக்கும் வரை காத்திருந்தேன்.
பதினெட்டாயிரத்து நானூற்று இருபது.
கிழித்துக் கொடுத்தேன்.