அரைப் பேர்

ஹட்டனில், ஆணியும் பெயின்ட்டும் விற்கிற கடைக்கு மேலே
என் விரிவுரை மண்டபம்.
ஒரு மேசை, ஒரு மடிகணினி,
அதை நிமிர்த்திப் பிடிக்க ஒரு பிஸ்கட் டின்.
கொடிக்கயிற்றில் காயும் துணி தெரியாமலிருக்க
முதுகுக்குப் பின்னால்
கணினி தந்த புத்தக அலுமாரியைத் தொங்கவிடுவேன்.
தலையைத் திருப்பினால்
பாதிக் காது அலுமாரிக்குள் போய்விடும்.

பின்னேரம் மூன்றரை.
ஒவ்வொருவராக உள்ளே விடுகிறேன்.
மஸ்கெலியா, நோர்வூட், ராகலை, லுணுகலை
எல்லாம் கறுப்புச் சதுரங்கள்.
முகம் காட்டினால் டேட்டா தின்னும்,
அதனால் பெயர்கள் மட்டும் வருகின்றன.
அதிலும் ஒன்று 'சாந்தகுமார் டெய்லர்ஸ்'.
அது லோஜிதா. போன் மாமாவுடையது.
மூன்று மாதமாக என் வரவுப் பதிவில்
ஒரு தையல் கடை
புள்ளிவிபரவியல் படித்துக்கொண்டிருக்கிறது.

இன்றைக்கு வழு.
"எழுமாற்று வழு ஒருநாள் கூட்டும், ஒருநாள் குறைக்கும்.
பல தடவை அளந்தால் தன்னைத்தானே சமன்செய்துகொள்ளும்.
முறைமை வழு அப்படியல்ல.
எத்தனை தடவை அளந்தாலும்
ஒரே பக்கம் சாயும்."
கேட்கிறதா?
கேட்கிறதா பிள்ளைகள்?
ஒரு கட்டைவிரல் எழும்பியது. நேரம் கழித்து இன்னொன்று.
தகரத்தில் மழை இறங்கியது,
எந்த ஊர்த் தகரம் என்று தெரியவில்லை.

அப்போதுதான் தையல் கடையின் மைக் திறந்துகொண்டது.

ஈரப் படங்கு உரசும் சத்தம். யாரோ இருமினார்கள்.
பிறகு ஓர் ஆண்குரல், கொட்டாவியோடு:
"எட்டு. தண்ணிக்கு ஒண்ணு, சாக்குக்கு ஒண்ணு. ஆறு.
மூணு நிறுவையும் சேத்து பதினஞ்சு."
"மழைக்கு முந்தி எடுத்த கொழுந்துங்கய்யா."
"அரைப் பேர். அடுத்த ஆள் வா."

லோஜிதாவின் குரலை
அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன்.
மூன்று மாதமும் அவள் எழுத்தில்தான் பேசியிருந்தாள்.

அடைக்கிற பொத்தான் என் விரலுக்கடியில்தான் இருந்தது.
அடைக்கவில்லை.
மரியாதையா, வேடிக்கையா,
இன்றுவரை எனக்கே பிடிபடவில்லை.

'அரைப் பேர் என்றால்?'
டவுன்காரி நான், எழுதிக் கேட்டேன்.
'பாதி நாள் சம்பளம் மிஸ். முழு நாள் மலையில நின்டாலும்.'
நோர்வூட் டிலோஜன்.
அவனே கீழே இன்னொரு வரி:
'மிஸ், இது எந்த வகை வழு?'

பதிலை யோசிப்பதற்குள்
இலவசக் கணக்கின் நாற்பதாவது நிமிடம் வந்து
எல்லோரையும் வெளியே தள்ளியது.
அவ்வளவு நிம்மதி எனக்கு.
வெட்கமாகவும் இருந்தது.

அந்த இடைவெளியில் வரவுப் பட்டியலைத் திறந்தேன்.
சாந்தகுமார் டெய்லர்ஸ், இந்தத் தவணை: அறுபத்தொரு வீதம்.
சுற்றறிக்கை எண்பது கேட்கிறது.
ஐம்பத்தொன்பதோ எழுபத்தொன்பதோ, எல்லாம் பூச்சியம்தான்.
எங்களிடம்
அரைப் பேரும் கிடையாது.

திரும்ப வந்தார்கள்.
ஒவ்வொன்றாகக் கறுப்பு நிரம்பியது.
கடைசியாகத் தையல் கடை.
சுழன்று, நின்று, மீண்டும் சுழன்று
ஒரு வரி வந்தது:
'மிஸ், முதல்ல என்ட மைக் திறந்திருந்ததா?'

நான் விசைப்பலகையில் கைவைக்குமுன்
'இல்லை' என்றது ராகலை.
'இல்லையே' என்றது லுணுகலை.
'ஒண்ணும் கேக்கல, லைன் சரியில்ல' என்றான் டிலோஜன்.
இல்லை, இல்லை, இல்லை
என்று மேலே ஏறிக்கொண்டே போனது பெட்டி,
ஒருநாளும் வாய் திறக்காத
மஸ்கெலியா இரட்டையர் உட்பட.
முப்பத்தேழு பேர்.
நானும் ஒன்று போட்டேன்.

கீழே கடையில்
யாருக்கோ ஆணி நிறுக்கிறார்கள்.
பாடத்தை விட்ட இடத்தில் தொடங்கப் பார்க்கிறேன்.
முப்பத்தெட்டு அளவீடு,
முப்பத்தெட்டும் பொய்,
ஒன்றுகூட
மறுபக்கம் சாயவில்லை.