ஒன்பதாம் கோரிக்கை

முதல் உறை. இரண்டாம் உறை.
முதலாவதிலிருந்து இரண்டாவது நழுவி வெளியே வரும்.
வரும்போது, உள்ளே சுருண்டிருந்த திரை
ஓர் உருளையைச் சுற்றிக்கொண்டு
கூடவே வரும்.
இதைச் சொல்ல அவர்களுக்கு
அறுபத்து மூன்று பக்கம், இருபத்திரண்டு படம்,
ஏழு பேர் கையெழுத்து.

விருதம்பட்டில் மாடி வீடு.
காலை பத்துக்கே சுவர் கொதிக்கும் மே மாதம்.
பின்கழுத்தில் ஈரத்துண்டு,
மடிக்கணினிக்கு அடியில் எவர்சில்வர் தட்டு.
வாரத்தில் மூன்று நாள் காட்பாடியில் ரயிலேறி அலுவலகம்,
மீதி இரண்டு நாள் இந்த மேசை.
என் வேலை ஒரே கேள்வி:
இது முன்பே இருந்ததா?

சட்டம் ஒருவரைக் கற்பனை செய்து வைத்திருக்கிறது.
துறை அறிந்தவர் என்று பெயர்.
உலகில் அச்சான எல்லாவற்றையும் படித்திருப்பார்,
எதையும் மறக்கமாட்டார்,
சொந்தமாக ஒரு யோசனையும் வராது.
இந்தப் போன் அவருக்குத் தானாகவே தோன்றியிருக்கும் என்றால்
காப்புரிமை கிடையாது.
பதினொரு வருடமாக அவரோடு குடித்தனம்.
சாப்பிட்டாரா என்று ஒருநாளும் கேட்டதில்லை.

கொரிய ஆவணம் ஒன்றில் உருளை இருந்தது, ஸ்பிரிங் இல்லை.
ஜப்பானில் ஸ்பிரிங் இருந்தது,
திரை விறைத்த கண்ணாடி.
பன்னிரண்டே காலுக்குக் கரண்ட் போனது.
மடிக்கணினியில் ஒன்பது சதவீதம்.
சரி, மூக்குக்கண்ணாடியாவது வாங்கிவருவோம் என்று
பாலாற்றுப் பாலம் தாண்டி லாங் பஜாருக்குப் போனேன்.

கடையின் ஷட்டர் இடுப்பளவில் நின்றுவிட்டது.
தெய்வசிகாமணி வாசலில் ஸ்டூல் போட்டு
உள்ளே குனியப்போன எல்லாரையும்
"தலை, தலை" என்று எச்சரித்துக்கொண்டிருந்தார்.
ஏணியில் தஸ்தகீர், மேலிருந்த பெட்டியைத் திறந்து.
உருளை. சுருள்வில்.
ஒன்றோடொன்று கோத்து வளைந்து இறங்கும் தகடுகள்.
என் பையிலிருந்த படம் ஏழு
கிரீஸ் வடியத் தொங்கிக்கொண்டிருந்தது.

ஏற்கெனவே வெளியான விண்ணப்பம்தான், காட்டலாம்.
ஏணியில் நின்றபடியே வாங்கிப் பார்த்தார்.
"போனா? ஷட்டர்தானே மேடம் இது."
அந்த நிமிடத்தில்
என் ஆட்சேபணை எழுதி முடிந்தது.
தாளைத் திருப்பிக் கேட்டுக் கை நீட்டினேன்.
தரவில்லை.

"பின்னாடி பட்டை பட்டையா இருக்கு.
மேல துணி மாதிரி ஸ்கிரீனு.
கோடு தெரியாதா?
வெயில்ல சாய்ச்சுப் பார்த்தா
விலா எலும்பு மாதிரி எண்ணிடலாமே."

நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள் என்றேன்.
ஸ்பேனரைத் தோளில் தட்டியபடி யோசித்தார்.
கீழே ஒரு சரக்கு ஆட்டோ ஹார்ன் அடித்து,
ஏணியைத் திட்டி, ஒடித்துக்கொண்டு போனது.
இன்னும் யோசித்தார்.
"தெரியல மேடம்."

வீட்டில் கரண்ட் வந்திருந்தது.
ஒன்பதாம் கோரிக்கையை அன்றுதான் முழுதாகப் படித்தேன்.
பின்னால் வரும் கோரிக்கைகள் பெரும்பாலும்
தாம்பூலப் பையில் போடும் தேங்காய்,
இருக்கவேண்டுமே என்று இருப்பவை.
இது அப்படியில்லை.
பட்டைகளுக்கும் திரைக்கும் நடுவே
தலைமுடித் தடிமனில் ஒரு தகடு.
வளையும் பகுதியில் மட்டும் சல்லடைத் துளை,
துளைக்குள் இளகிய பசை.
கோடு மேலே வராது.
யாரோ ஒருவர், ஏழு பேரில் யாரோ,
அதே கேள்வியில் முட்டிக்கொண்டு
பல இரவு உட்கார்ந்திருக்கிறார்.

அறிக்கையில் தஸ்தகீரைச் சான்று காட்ட முடியாது.
அவருக்கு ஆவண எண் இல்லை.
கொரியாவையும் ஜப்பானையும் எழுதினேன்.
ஒன்று முதல் எட்டு வரை:
துறை அறிந்தவருக்கு எளிதில் புலப்படக்கூடியவை.
ஒன்பது: ஒன்றோடு சேர்த்துத் திருத்தினால்
ஏற்கலாம்.
பதிலுக்கு ஆறு மாதம்.

அனுப்பும் முன் ஒருமுறை படித்தபோது
எழுத்தின் குறுக்கே ஒரு கீறல்.
கண்ணைக் கசக்கினேன், போகவில்லை.
பழைய கண்ணாடி.
புதியதை வாங்காமலே வந்திருக்கிறேன்.
இந்நேரம் அது அந்த ஷட்டருக்குப் பின்னால்,
திறந்ததோ, இல்லையோ.