மேற்படி

ஹூடியில் மெட்ரோ தூண்களுக்குப் பின்னால்
மண்ணால் கட்டிய வீடொன்று தப்பித்து நிற்கிறது.
நுழைவு முப்பது ரூபாய். கேமரா என்றால் நூறு.
வரலாற்றுக்காகப் போகவில்லை;
சனிக்கிழமை மழையில்
பைக்குக்கு ஒரு கூரை தேடிப் போனேன்.

சுவர் இரண்டு முழத் தடிமன்.
உள்ளே கால் வைத்ததும்
லாரி ஹாரன் கம்பளி போர்த்திக்கொண்டது.
சாணி மெழுகிய வாசம்,
அதற்கு மேல் கரையானுக்கு அடித்த மருந்து வாசம்.
பாதி சரிந்த மேற்குச் சுவரை
அதே ஏரியின் வண்டலில்
சுண்ணாம்பும் வெல்லமும் குழைத்து எழுப்பினார்களாம்.
பலகை சொல்கிறது.
ஏரி எங்கே என்று பலகை சொல்லவில்லை.

கண்ணாடிக்குள் ஒரு மரப்படி, ஒரு பித்தளைப் பூட்டு,
சிக்கபைரேகவுடரின் தலைப்பாகை.
தலைப்பாகைக்கு மட்டும் தனி விளக்கு.

கடைசியில் தானிய அறை.
குதிர் நின்ற இடத்தில்
குதிரின் அகலத்துக்குப் புகையேறாத சுவர்.
அதில், இடுப்பு உயரத்தில், கீறல்கள்.
அடியில் கன்னடத்திலும் ஆங்கிலத்திலும்:
செழிப்பு வேண்டி வரைந்த பூவேலை,
பொருள் அறியப்படவில்லை.

எனக்குத் தெரிந்தது.
ஸ்ரீராமபுரத்தில் காலண்டர் அச்சகமொன்றில்
பதினோரு வருடமாகப் பிழை திருத்துகிறேன்.
தினத்தாளில் யாரும் பார்க்காத மூலைக்குப் போகிற
பழைய எண்கள், பழைய குறிகள்.
ஒரு சுழி மாறினாலும் என் சம்பளத்தில் பிடிப்பார்கள்.

செங்கேணி ௬ ௳
௸ ௪ ௳
௸ ௫ ௳
௸ ௩ ௳ மழை
௸ ௶ ௨ ௹

௳ என்றால் நாள்.
௶ என்றால் பற்று, ௹ ரூபாய்.
௸ என்றால் மேற்படி: மேலே சொன்ன அதே ஆள்.
முதல் வரி ஈர மண்ணில், விளிம்பு பிதுங்கி.
மற்றவை சுவர் காய்ந்த பிறகு, ஆணியால், பொடிந்து.
பெயரை ஒரே ஒருமுறை எழுதியிருக்கிறாள்,
அல்லது எழுதியிருக்கிறான்;
செங்கேணி இருவருக்கும் இடுகிற பெயர்.
மேஸ்திரியின் நோட்டை நம்பாத யாரோ ஒருவர்
குதிர் வந்து மறைக்கப்போகும் இடமாகப் பார்த்து
தன் நோட்டை வைத்துக்கொண்டிருக்கிறார்.
யூகம்தான். பலகையும் யூகம்தானே.

காவலர் பின்னால் வந்து நின்றார்.
சட்டையில் பிபுல் சைகியா.
"தொடக் கூடாது."
என்னுடையதைப் போலவே கைமாற்று வாங்கிய கன்னடம்.
தொடவில்லை, படிக்கிறேன் என்றேன்.
"படிக்கிறதா? இதையா?"
ஒருத்தருக்குப் பதினெட்டு நாள் கூலி.
அதில் இரண்டு ரூபாய் முன்பணம் வாங்கியாயிற்று.
மீதி வரவேண்டும்.

சைகியா டார்ச்சை எடுத்துக் குனிந்தார்.
பூக்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார்.
வெளியே கூரையிலிருந்து சொட்டுவது கேட்டது.
"கொடுத்தார்களா?"

ஐந்தாம் வரிக்குக் கீழே
வழவழப்பாகத் தொடங்குகிறது
வெல்லம் போட்ட புதுச் சுவர்.

"அந்த இடத்தில் பூசிவிட்டார்கள்" என்றேன்.

பலகையை மாற்றச் சொல்ல ஆளில்லை.
மேடம் செவ்வாய்க்கிழமைதான் வருவாராம்.
வாசலில் கயிறு கட்டிய பேனாவோடு வருகைப் பதிவேடு:
பெயர், ஊர், கருத்து.
எனக்கு முன்னால்
சஞ்சனா ஹெப்பார், பெங்களூரு, அமைதியான இடம்.

என் பெயரை எழுதினேன்.
ஊர்க் கட்டத்தில் பேனா கொஞ்சம் நின்றது.
வந்து இருபத்திரண்டு வருடம் ஆகிறது,
இன்னும் நிற்கும்.
பிறகு ௸ போட்டேன்.
கருத்து: பதினெட்டு நாள்.

தோளுக்கு மேலே சைகியா எட்டிப் பார்த்தார்.
"உள்ளே இருக்கிற பூ."
"அதேதான்" என்றேன்.

பைக்கை அவசரத்தில்
கூரைக்கு வெளியேதான் விட்டிருக்கிறேன்.
சீட் முழுக்கத் தண்ணீர்.