தாள் சரியாக இருந்தது

யூமாவில் ஜனவரி
விடிவதற்கு முன் எலும்புக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும்.
அறுவடை இயந்திரம் இன்னும் உறுமவில்லை.
எவுலாலியா ரப்பர் காலணியோடு வயலில் இறங்குகிறாள்.
நெற்றியில் விளக்கு,
கக்கத்தில் சிவப்புக் கொடிகளின் கட்டு.

கண்ணெட்டும் மட்டும் லெட்யூஸ் பாத்திகள்.
ஒவ்வொரு செடியும் பனியைப் பொத்திவைத்திருக்கிறது.
அழகு பார்க்க அவளுக்குச் சம்பளமில்லை.
குளம்படி, எச்சம், கடிபட்ட இலை,
வேலிக் கம்பியில் சிக்கிய ஒற்றை மயிர்:
இவ்வளவுதான் அவள் படிக்கிற எழுத்து.

வீட்டில் அவள் பீன்ஸ்
மூன்று மணி நேரம் கொதிக்கும்.
இதுவோ நெருப்பின் முகம் பார்க்காமலே
வாய்க்குப் போகிற இலை.
வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் மாட்டுப் பட்டி.
காற்று திரும்பினால் மூக்கு சொல்லிவிடும்.
மூக்குக்கும் தெரியாமல் வருவதற்குத்தான்
அவள் நடக்கிறாள்.

பதினேழாம் பாத்தியில் நிற்கிறாள்.
பனி ஓரிடத்தில் மட்டும் கலைந்திருக்கிறது.
மூன்று செடிகள் நசுங்கி,
நடுவில் ஹவெலினாப் பன்றி விட்டுப்போன
கரும்பச்சைக் குவியல்.
இன்னும் ஆவி பறக்கிறது.

ஒரு கொடி.
ஐந்தடி தள்ளி இன்னொன்று. வட்டம் முடிகிறது,
தடம் முடியவில்லை.
பதினெட்டு, பத்தொன்பது, இருபதிலும் மேய்ந்திருக்கிறது.
கொடிகள் தீர்ந்ததும்
கழுத்துத் துணியைக் கிழித்துக் குச்சியில் கட்டுகிறாள்.

"நாலு பாத்தியுமா?" என்கிறான் கசிமிரோ.
"லாரி ஒன்பது மணிக்கு."
"தெரியும்."
"அங்கே கழுவத்தானே போகிறார்கள். குளோரினில், மூன்று தடவை."
"ஒரே தொட்டியில்," என்கிறாள்.
"நல்லதும் கெட்டதும் அங்கேதான் கைகுலுக்கிக்கொள்ளும்."

அவன் கெட்டவன் இல்லை.
அவனுக்கும் மேலே ஒருவன் பெட்டி எண்ணுகிறான்.

பெட்டிக்கு இவ்வளவு என்றுதான் எல்லோருக்கும் கூலி.
நாலு பாத்தி போனால்
ஒவ்வொரு வீட்டிலும் ஒரு வேளைக் கறி போகும்.
வழக்கமாய் அவளுக்கு வரும் காப்பியை
ரொசால்பா இன்று தன் தங்கைக்கு ஊற்றினாள்.
மூடியைத் திருகி மூடும் சத்தம்
வேண்டுமென்றே பலமாய்க் கேட்டது.

அவர்களிடம் எதைச் சொல்வது.
போன வருடமும் இதே குளிர்.
கால்விரல் மரத்துப்போய்,
கடைசி ஆறு பாத்திகளை அவள் நடக்கவில்லை.
விளக்கை மட்டும் ஒரு தடவை வீசிப் பார்த்தாள்.
'பார்த்தேன், ஒன்றுமில்லை' என்று எழுதிக்
கையெழுத்துப் போட்டாள்.

மார்ச்சில் அலுவலகத்துக்கு ஓர் எண் வந்தது.
ஏழு பண்ணைகளின் இலை கலந்த பை.
எந்த இலை, யார் வயல்,
கடைசிவரை யாருக்கும் தெரியவில்லை.
வடக்கே பனி மூடிய ஏதோ ஊரில் ஒரு பையன்,
ஆறு வயது,
சிறுநீரகம் இரண்டும்.

அவளை யாரும் எதுவும் கேட்கவில்லை.
தாள் சரியாக இருந்தது.

அன்றிலிருந்து தாளை அவள் நம்புவதில்லை.
காலை நம்புகிறாள்.

எட்டேகாலுக்கு இயந்திரம் நகர்கிறது.
கொடிகளின் பக்கம் வரும்போது
வெட்டுகிறவர்கள் நிமிர்ந்து,
நல்ல செடிகளைத் தாண்டித் தாண்டி
வெறுங்கையோடு நடக்கிறார்கள்.
தெயோடோரோ எதையோ முணுமுணுத்துத் துப்பப் போய்,
சட்டம் நினைவு வந்து
விழுங்கிக்கொள்கிறான்.

இருபத்தாறாம் பாத்தி.
ரொசால்பாவின் கத்தி ஏறி இறங்குகிறது.
வெட்டிய செடியைத் திருப்பிப் பார்க்கிறாள்.
அடியிலையில் நகமளவு கறை.
மண்ணாயிருக்கலாம். பறவையாயிருக்கலாம்.
பெல்ட் அவள் முழங்கைக்குப் பக்கத்தில்தான் ஓடுகிறது.

செடியைப் பின்னால் சாலில் எறிகிறாள்.
கத்தியை மருந்து வாளியில் முக்கி எடுத்து,
கையுறையைக் கழற்றிப் புதிது போட்டுக்கொள்கிறாள்.
அந்த நேரத்துக்குள் மற்றவர்கள் நாலு செடி முன்னே போய்விட்டார்கள்.

எவுலாலியா பக்கம் அவள் திரும்பவில்லை.
மறுநாளும்
காப்பி வரவில்லை.