சாவிக்கு இருபது வெள்ளி

லவ் லேன் விடுதியின் முன்மேசையில் உட்கார்ந்து
ஏழு வருடம் பிறருடைய பைகளைப் பார்த்தேன்.
வரும்போது நிமிர முடியாமல் வருவார்கள்.
நாலாம் நாள் மாடிப்படிக்கு அடியில் இருக்கும் மரப்பெட்டியில்
ஒவ்வொன்றாய்க் கழற்றிப் போடுவார்கள்:
முடி உலர்த்தி, இரண்டாவது ஜீன்ஸ்,
படிக்காத தடிப் புத்தகம்,
ஒருவன் ஒரு டம்பெல். நிஜமாகத்தான். மூன்று கிலோ.
"யாருக்காவது உதவும், துளசிமணி" என்றான்.
யாருக்கு?

இப்போது என் முறை.
பையும் அந்தப் பெட்டியில் கிடந்ததுதான். நாற்பது லிட்டர்.
கல்யாணத்துக்கு ஊர் திரும்பிய போலந்துக்காரி விட்டுப்போனது.
அறுந்த வாரைத் தூண்டில் நரம்பால் தைத்துவிட்டேன்.

சௌராஸ்டா சந்தைக்குத் தூக்கிப் போய்
மீன்கடை ஹலீமின் கொக்கித் தராசில் மாட்டினேன்.
ஒன்பது கிலோ அறுநூறு.
"நல்ல கொடுவா. குடலை எடுங்க" என்றார்.

எடுத்தேன்.
ஷாம்பு பாட்டில். இரண்டாவது செருப்பு.
அக்கா திணித்த பத்து மைலோ பாக்கெட்டில் ஆறு.
இரவு துவைத்து விடிவதற்குள் காயாத துணி எல்லாம்.
ஒரு நைலக்ஸ் சேலையை மட்டும் விடவில்லை:
கோயிலுக்குச் சேலை, குளிருக்குப் போர்வை,
எட்டுப் பேர் படுக்கும் அறையில் என் கட்டிலுக்குத் திரை.
மறுபடி தராசு. ஏழு கிலோ இருநூறு.
ஏழு போதும் என்று இருந்தேன்.
அந்த இருநூறு கிராம் எதற்குள் ஒளிந்திருக்கிறது
என்று தெரியவில்லை.

கணக்கு வேறு.
பதினோராயிரத்து அறுநூறு வெள்ளி, இருநூறு நாள்.
ஒரு நாளைக்கு ஐம்பத்தெட்டு என்றது கைப்பேசி.
கைப்பேசிக்குக் காய்ச்சல் வந்ததில்லை.
மேசைக்கு இந்தப் பக்கம் இருந்து பார்த்தவள் நான்:
யாருடைய காசும் சாப்பாட்டில் தீர்ந்ததில்லை.
மூன்று ராத்திரி பஸ்ஸில் தூங்காமல் வந்தவன்
நாலாம் நாள் எதிர்த்தெருவுக்கே டாக்சி பிடிப்பான்.
அதனால் காய்ச்சலுக்கு அறுநூறு ஒதுக்கினேன்,
அலுப்புக்கு ஐந்நூறு.
மிச்சத்தில் நாளொன்றுக்கு ஐம்பத்திரண்டரை.
அரை வெள்ளியை என்ன செய்வதென்று
ஒரு சாயங்காலம் முழுக்க யோசித்தேன்.

செலவுப் பக்கத்தின் முதல் வரி:
ஃபெரி, சைபர்.
பினாங்கை விட்டுப் போகிறவரிடம் காசு கேட்பதில்லை.
பட்டர்வர்த்தில் ஏறித் திரும்பி வரும்போதுதான் டிக்கெட்.
பாலத்திலும் அப்படியே.
இத்தனை நாள் இங்கே இருந்தும்
எனக்கு இது கண்ணில் பட்டதில்லை.

காலை ஆறு மணி. கெங் ஹுவாட் முழுக்கால்சட்டை போட்டிருந்தார்.
மேசை டிராயரைத் திறந்து
இருபது வெள்ளித் தாள் ஒன்றை நீட்டினார்.
"சாவி டெபாசிட்."
நான் வாங்குகிறவள், பாஸ், கட்டியவள் இல்லை என்றேன்.
பழைய பதிவேட்டைப் புரட்டி விரலை வைத்தார்.
துளசிமணி, சுங்கைப் பட்டாணி.
படுக்கை மூன்று, ஓர் இரவு.
என் கையெழுத்து, இன்னும் கொஞ்சம் குண்டாக.

பாயான் லெப்பாஸில் வேலைக்கு நேர்காணல் என்று வந்திருந்தேன்.
அது நடக்கவில்லை.
மறுநாள் மேசையில் ஆளில்லை, ஃபோன் அடித்தது,
எடுத்தேன். அவ்வளவுதான்.

புறப்பட்ட தேதி என்ற கட்டம் காலியாகவே இருந்தது.
பேனாவை உதறி, இன்றைய தேதியை எழுதினார்.
இருபது வெள்ளியை வாங்கிக்கொண்டேன்.
வரவுப் பக்கத்தில் அதுவரை ஒன்றுமே இல்லை.

வாசல் வரைக்கும் போய்விட்டேன்.

"துளசி" என்றார், தலை தூக்காமல்,
எல்லாரிடமும் ஏழு வருடம் நான் கேட்ட அதே குரலில்,
"துண்டு?"

பையை இறக்கினேன்.