நகர்த்தினீர்களா, நகலெடுத்தீர்களா

இரவு பதினொன்றே கால். கோத்தகிரி.
வாடல் தொட்டிகளின் விசிறி ஓடுகிறது.
பச்சிலை மணம் கதவிடுக்கால் நுழைந்து
கீபோர்டில் உட்கார்கிறது.
எடை அறையின் பழைய கம்ப்யூட்டரை
அதன் பெட்டியிலிருந்து உருவி
புது சர்வருக்குள் குடியேற்ற வேண்டும்.
ஆறரைக்கு முதல் இலை வண்டி வரும்.

கூடு விட்டுக் கூடு பாய்தல் என்பார்கள்.
பாய்ந்த சித்தர் எவருக்கும்
பிழைச்செய்தி வந்ததாக எங்கும் எழுதவில்லை.

எனக்கு வந்தது.
சேருமிடம் தெரியவில்லையாம்.
பெயரைச் சொன்னால் யார் என்கிறது,
எண்ணைச் சொன்னால் வா என்கிறது.
ரேஷன் கடையில் பழகியதுதான்.
ஒரு கோப்பில் ஒரே வரி எழுதி
இருவரையும் அறிமுகம் செய்துவைத்தேன்.

அடுத்து, சான்றிதழ் செல்லாது.
காலாவதியா? இல்லை,
இன்னும் தொடங்கவே இல்லையாம்.
கோயம்புத்தூரில் பாதி விலைக்கு வாங்கிய சர்வர்;
உள்ளே பேட்டரி செத்துக் கிடக்க
அதன் நாட்காட்டியில் 2009, ஜனவரி ஒன்று.
அந்தத் தேதியில் நான் பிளஸ் டூ முடிக்கவில்லை.
மேனேஜர் மணிவாசகத்துக்கு முடி இருந்தது.
காசு அளவில் ஒரு பேட்டரி வேண்டும்.
இந்நேரம் டானிங்டன் முக்கில்
காட்டெருமைதான் கடை திறந்திருக்கும்.
பாய்லர் பார்க்கும் ஹாலன் எட்டிப் பார்த்தான்:
"மேனேஜர் கார் சாவிக்குள்ள ஒண்ணு இருக்குமே."
சாவி ஆணியில் தொங்கியது.
நான் பதில் சொல்லவில்லை,
சின்ன ஸ்க்ரூ டிரைவரைத் தேடினேன்.

எண்பத்தேழு சதவீதம் வரை ஏறியது.
அங்கேயே நின்றது. ஒரு டீ. இன்னொரு டீ.
கோப்பு வேறொருவர் பிடியில் இருக்கிறதாம்.
பதிவேட்டைக் கீழிருந்து மேலாகப் படித்தேன்:
மார்ச் மாத மின்வெட்டில்
பாதியில் இறந்துபோன பேக்கப் ஒன்று.
ஐந்து மாதமாகச் செத்தவன் கையில் பூட்டு,
கேட்கவும் ஆள் இல்லை, விடவும் ஆள் இல்லை.
விரல் விரலாகப் பிரித்தேன்.
அழிக்கவில்லை, வேறு இடத்தில் எடுத்து வைத்தேன்;
அவ்வளவு தைரியசாலி இல்லை நான்.

இரண்டு பத்துக்குத் திரை கேட்டது:
இந்த அடையாளத்தில் ஒரு இயந்திரம் ஏற்கனவே உள்ளது.
இதை நகர்த்தினீர்களா?
நகலெடுத்தீர்களா?

நகல் என்றால் புது எண் தரும்,
கணக்கு மென்பொருள் அதை அந்நியன் என்று துரத்தும்.
நகர்வு என்றால் பழைய எண்ணே நிலைக்கும்,
ஆனால் பழையவன் இனி கண் விழிக்கக் கூடாது.

மண்டபம் முகாமில் ஒரு குமாஸ்தா
அப்பாவின் வயதில் மூன்றைக் குறைத்து எழுதினார்.
ஹட்டன் தோட்டத்துப் பேரேட்டிலோ
அவர் பெயரை யாரும் அடிக்கவில்லை.
கொஞ்ச காலம் இரண்டு இடத்திலும் அப்பா இருந்தார்:
அங்கே தினமும் வேலைக்கு வராதவராக,
இங்கே மூன்று வயது இளையவராக.
எதை அழுத்துவது என்று
அவரிடம் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

எழுந்து போய்
எடை அறையில் பழைய பெட்டியின் கேபிளைப் பிடுங்கினேன்.
அதன் பச்சை விளக்கு
நான் நினைத்ததைவிடக் கொஞ்சம் அதிக நேரம் எரிந்தது.
திரும்பி வந்து
நகர்த்தினேன் என்று அழுத்தினேன்.

ஆறு முப்பத்தாறு. கூக்கல்தொரை வண்டி.
பெள்ளியம்மாளின் மூட்டை தராசில் ஏறியது,
இருபத்து மூன்று கிலோ நானூறு.
பிரிண்டர் ஒருமுறை இருமி
சீட்டைத் துப்பியது.
பெயர் சரி. எடை சரி. தேதி இன்றைக்கு.
அவர் படித்துக்கூடப் பார்க்கவில்லை,
நாலாய் மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார்.

வெளியே மூடுபனிக்குள் மணிவாசகம் சார்
கார் பக்கம் கையை நீட்டி
அழுத்துகிறார், உதறுகிறார், மறுபடி அழுத்துகிறார்.
ஹாலன் பாய்லருக்குள் தலையை விட்டுக்கொண்டான்.
நான்
இன்னொரு முறை பதிவேட்டைப் படிக்கத் தொடங்கினேன்.